பழைய மஸ்டாங்கில் சூப்பர்சார்ஜர்: முதலில் பெட்ரோல் கணக்கு, பிறகுதான் பெல்ட்

சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கம்ப்ரஸர்) கிட் வந்து இறங்கியதும் எல்லோருடைய கையும் முதலில் போவது பளபளக்கும் கம்ப்ரஸர் மேல்தான். பம்ப், ஹோஸ், ரெகுலேட்டர் எல்லாம் பெட்டியின் அடியில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவசரமாக மாட்டப்படும். வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். பெட்ரோல் பக்கத்தை முழுவதும் முடித்து, அளந்து பார்த்து, பூஸ்ட் (கம்ப்ரஸர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) இல்லாமலே சில நாள் ஓட்டிய பிறகுதான் பெல்ட்டைத் தொட வேண்டும். கம்ப்ரஸர் காற்றைத் தானே திணித்துவிடும். அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோல் தானாக வராது. 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு) பூஸ்ட்டில் சில விநாடிகள் பெட்ரோல் பத்தாமல் போனாலே நாக்கிங் (கலவை தன்னிச்சையாக வெடிப்பது) வந்து, பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது 1989 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0. காரணம், இந்தக் காரில் வரும் சிக்கல்கள் அந்தக் கால இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றுக்கும் பொருந்தும். 302 கன அங்குல வி8, கம்ப்ரஷன் சுமார் 9:1, 225 குதிரைத்திறன் (1993க்கு மட்டும் ஃபோர்டு அதை 205 என்று மாற்றி எழுதியது). மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எட்டு. டேங்குக்குள் மணிக்கு 88 லிட்டர் பம்ப். காற்றை அளக்க 55 மி.மீ. மாஸ் ஏர் மீட்டர்.

வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். 1986 முதல் 1988 வரையிலான கார்களில், கலிபோர்னியாவுக்குப் போன 1988 மாடலைத் தவிர, மாஸ் ஏர் மீட்டரே கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து கம்ப்யூட்டர் காற்றை ஊகிக்கிறது. அந்தக் காரை முதலில் மாஸ் ஏருக்கு மாற்றிவிட்டு வாருங்கள். மேனுவல் கியர் காருக்கு எல்லோரும் தேடுவது ஏ9எல் கம்ப்யூட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு ஏ9பி. அடுத்தது பிஸ்டன். 1992 வரை ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன், 1993இல் ஹைப்பர்யூடெக்டிக் (சிலிக்கான் அதிகமுள்ள வார்ப்பு). இரண்டாவது வகை நாக்கிங்கை அவ்வளவாகத் தாங்காது. 1993 காரில் கீழே சொல்லும் எல்லைகளை இன்னும் ஒரு படி இறக்கிப் பிடியுங்கள்.

கணக்கு

இலக்கு இல்லாமல் பாகம் வாங்காதீர்கள். 225 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 8 பிஎஸ்ஐ கொடுத்தால், கடல் மட்டக் காற்றழுத்தமான 14.7ஐ வைத்து, 225 × (14.7 + 8) ÷ 14.7 = 347. காற்று சூடாவதாலும் கம்ப்ரஸரைச் சுற்ற ஆகும் சக்தியாலும் அவ்வளவு கிடைக்காது. ஆனால் பெட்ரோலுக்கு 350 என்றே கணக்குப் போடுங்கள்.

சூப்பர்சார்ஜர் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சாதாரண எஞ்சினுக்கு இது 0.5. பெல்ட் திருடும் சக்திக்கும் பெட்ரோல் செலவாகிறது, கலவையையும் கொஞ்சம் ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாக) வைக்கிறோம், வித்தியாசம் அதனால்தான். 350 × 0.6 = மணிக்கு 210 பவுண்டு. ஒரு பவுண்டு பெட்ரோல் ஏறக்குறைய 0.61 லிட்டர் என்றால் மணிக்கு 128 லிட்டர். பழைய 88 லிட்டர் பம்ப் புத்தம் புதிதாக இருந்தாலும் இதே கணக்கில் 240 குதிரைத்திறனோடு நின்றுவிடும். முப்பது வருடம் ஓடிய பம்ப்பைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

இன்ஜெக்டருக்கு: 210ஐ எட்டால் வகுத்தால் 26.25 பவுண்டு. எந்த இன்ஜெக்டரையும் நூறு சதவீதம் திறந்தே வைத்திருக்கக் கூடாது. 80 சதவீத டியூட்டி (திறந்திருக்கும் நேரம்) நல்ல எல்லை. 26.25 ÷ 0.8 = 32.8. ஆகவே 36 பவுண்டு வாங்க வேண்டும், அது 73 சதவீதத்தில் வேலை செய்யும். 30 பவுண்டு போட்டால் 88 சதவீதம். குளிர்ந்த ஜனவரி இரவில் காற்று அடர்த்தியாகும்போது கைவிட்டுவிடும். பின்னாளில் பூஸ்ட்டைக் கூட்ட சின்ன புல்லி மாட்டும் ஆசை இருந்தால் 42. அதற்கு மேல் இந்த பிளாக்குக்கு வேண்டாம். சக்கரத்தில் 500 குதிரைத்திறன் தாண்டினால் இந்த 302 பிளாக் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் வழியாக நீளவாக்கில் பிளந்துகொள்வதற்குப் பேர் போனது.

6000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்கு 20 மில்லி விநாடிதான் இருக்கிறது. இந்தக் காரில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை திறக்கும். 80 சதவீதம் என்றால் 16 மில்லி விநாடி. லாகில் (ஓடும்போது பதிவான எண்களில்) 17, 18 என்று பார்த்தால் இன்ஜெக்டர் தன் எல்லைக்கு வந்துவிட்டது.

வாங்கும்போது ரெசிஸ்டன்ஸைக் கேட்டே வாங்குங்கள். இந்த கம்ப்யூட்டருக்கு 12 முதல் 16 ஓம் வரை காட்டும் இன்ஜெக்டர்தான் ஒத்துவரும். 2, 3 ஓம் இன்ஜெக்டர்கள் மலிவாகக் கிடைக்கும், மாட்டவும் சரியாக உட்காரும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். வந்ததும் மல்டிமீட்டர் வைத்து எட்டையும் அளந்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரை ஏமாற்றும் இரண்டு வழிகள்

கம்ப்யூட்டரைத் திருத்துவது கடினமாக இருந்த காலத்தில் இரண்டு குறுக்கு வழிகள் வந்தன. இரண்டுமே இன்றும் பழைய கிட்களோடு கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாமல் மாட்டுவதுதான் பெரும்பாலான எஞ்சின் சாவுகளுக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து.

முதலாவது எஃப்எம்யூ (ஃபியூயல் மேனேஜ்மென்ட் யூனிட்). தட்டு வடிவில், நடுவில் டயஃப்ராம் உள்ள ஒரு சாமான். ரெகுலேட்டருக்குப் பிறகு, டேங்குக்குத் திரும்பும் லைனில் இதை வைப்பார்கள். பூஸ்ட் ஏறும்போது திரும்பும் வழியை நெரிக்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் அழுத்தம் ஏறும். அதே 19 பவுண்டு இன்ஜெக்டர் அதிகம் பீய்ச்சும். 12:1 தட்டு என்றால் ஒரு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு 12 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம். கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் பீய்ச்சும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். ரெயிலில் 80 பிஎஸ்ஐ, மேனிஃபோல்டில் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 74. 74ஐ வழக்கமான ரெயில் அழுத்தமான 39ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.38. அழுத்தத்தை இரட்டிப்பாக்கி நீங்கள் வாங்கியது 38 சதவீதம். 19 பவுண்டு 26 ஆனது. அதே நேரத்தில் 80 பிஎஸ்ஐக்கு எதிராகத் தள்ளும் பம்ப்பின் ஓட்டம் பாதாளத்துக்குப் போகிறது, சூடாகிறது, சில இன்ஜெக்டர்கள் அந்த அழுத்தத்தில் ஊசியைத் தூக்கவே திணறும். 5, 6 பிஎஸ்ஐ வரை, நல்ல பம்ப்போடு, எஃப்எம்யூ பிழைக்கும். அதற்கு மேல் நாங்கள் வைக்கமாட்டோம்.

இரண்டாவது, 'அளவு மாற்றிய' மாஸ் ஏர் மீட்டர். 30 பவுண்டு இன்ஜெக்டருக்கென்று விற்கும் மீட்டர், உண்மையில் வரும் காற்றில் 63 சதவீதத்தைத்தான் (19 ÷ 30) கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் 19 பவுண்டு இருப்பதாக நினைத்துக் குறைவான நேரம் திறக்கும். இன்ஜெக்டர் பெரிது என்பதால் கலவை சரியாகிவிடும். ஓட்டினால் இழுவையும் நன்றாகவே இருக்கும். ஆபத்து வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரத்தையும்) இதே காற்றளவை வைத்துத்தான் முடிவு செய்கிறது. காற்று குறைவு என்று கேட்டதும், எஞ்சின் இலகுவாக ஓடுகிறது என்று எண்ணி டைமிங்கை முன்னே தள்ளும். பூஸ்ட்டில் பின்னே இழுக்க வேண்டிய டைமிங் முன்னே போகிறது. 36 பவுண்டு மீட்டரில் பொய் இன்னும் பெரிது: 53 சதவீதம். எக்ஸாஸ்டில் காற்று–பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் 11.8 என்று அழகாகக் காட்டிக்கொண்டே பிஸ்டன் உடைவது இப்படித்தான்.

இரண்டையும் சேர்த்து மாட்டிய கார்களும் உண்டு. பெரிய இன்ஜெக்டர், மாற்றிய மீட்டர், மேலே ஒரு எஃப்எம்யூ. பெட்ரோல் ஆறாக ஓடும், கருப்புப் புகை வரும், யாருக்கும் எதுவும் புரியாது. பெரிய இன்ஜெக்டர் போட்டால் எஃப்எம்யூவைக் கழற்றிவிடுங்கள்.

நேர்மையான வழி: அளவு மாற்றாத பெரிய மீட்டர், அதன் உண்மையான வோல்டேஜ்–காற்று அட்டவணை, இன்ஜெக்டரின் உண்மையான அளவு, இவை எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் எழுதுவது. மஸ்டாங்கின் கம்ப்யூட்டர் பயணி பக்கம், கால் வைக்கும் இடத்தின் ஓரப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பின்முனையில் ஜே3 என்ற சாக்கெட். டியூன் சிப் அங்கேதான் செருகும். அந்த போர்டின் விளிம்பில் உள்ள தகடுகள் மேல் தொழிற்சாலை வார்னிஷ் பூச்சு இருக்கும். சிப் வேலை செய்யாமல் எஞ்சின் திக்கித் திணறினால் பத்தில் எட்டு முறை இந்தப் பூச்சைச் சரியாகத் துடைக்காததுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட துணியால் இரு பக்கமும் துடைத்து, பச்சை ஸ்கிரப்பர் துண்டால் லேசாகத் தேய்த்து, செம்பு நிறம் மின்னும்வரை சுத்தம் செய்யுங்கள். உலோக உப்புத்தாள் வேண்டாம், தகடு உரிந்து வரும்.

பம்ப் மாற்றுவது

350 குதிரைத்திறனுக்கு, 40 பிஎஸ்ஐயில் மணிக்கு 255 லிட்டர் தரும் டேங்குக்குள் வைக்கும் பம்ப் தாராளம். 128 தேவைக்கு 255 எதற்கு என்று கேட்கலாம். அந்த எண் 13.5 வோல்ட்டுக்கு எழுதியது. பழைய வயரில் 11.5தான் பம்ப்புக்குப் போய்ச் சேரும். அழுத்தம் ஏற ஏறவும் ஓட்டம் இறங்கும்.

டேங்கில் கால் அளவுக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும் நாளில் வேலையை வையுங்கள். வெளியிடத்தில், பி வகை தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். முதலில் அழுத்தத்தை வடிக்க வேண்டும்: பின்புறம் டிக்கிக்குள் இருக்கும் இனர்ஷியா சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டால் தானாக நின்றுவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவ். டேங்கை இரண்டு பட்டைகள் தாங்கியிருக்கின்றன. ஜாக் மீது பலகை வைத்துத் தாங்கிக்கொண்டு இறக்குங்கள். நிரப்பும் குழாய் டேங்குக்குள் நுழையும் ரப்பர் வளையத்தைப் பழையதாகவே திரும்பப் போடாதீர்கள், கசியும்.

பம்ப்பைப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைத் தட்டிச் சுழற்ற பித்தளை உளி. இரும்பு உளியில் பொறி பறக்கும், மேலே பெட்ரோல் ஆவி நிற்கிறது. டேங்குக்குள் பம்ப்பையும் குழாயையும் இணைக்கும் சின்ன ஹோஸ் துண்டில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெளியே போடும் இன்ஜெக்ஷன் ஹோஸ், அதாவது ஜே30 ஆர்9, உள்ளிருந்து வரும் பெட்ரோலுக்காகச் செய்தது; அதன் வெளித்தோல் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால் உப்பிக் கரைந்துவிடும். மூழ்கும் இடத்துக்கு ஆர்10 என்று அச்சிட்டதுதான். விலை பல மடங்கு. அரை அடிதான் வேண்டும், வாங்கிவிடுங்கள். கிளாம்ப் திருகு வகையில், ஓட்டை போட்ட பட்டை ஹோஸை அறுக்காத இன்ஜெக்ஷன் கிளாம்ப். வடிகட்டும் சாக்கை டேங்கின் அடியைத் தொடும்படி திருப்பி வையுங்கள்.

புது பம்ப்புக்குத் தனி வயர் போட வேண்டும். பேட்டரியிலிருந்து 10 கேஜ் வயர். பேட்டரிக்கு அரை அடிக்குள் 30 ஆம்பியர் பியூஸ். பின்னால் ஒரு 30 ஆம்பியர் ரிலே. பம்ப்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் இனி அந்த ரிலேவை இயக்க மட்டும். இனர்ஷியா சுவிட்ச் அந்தப் பழைய வயரிலேயே இருக்கட்டும். விபத்தில் பம்ப்பை நிறுத்துவது அதுதான். கிரவுண்டை மறந்துவிடாதீர்கள்: பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி அதே 10 கேஜ். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைக்கும் பம்ப் முனைக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ இணைப்பு சரியில்லை.

லைன், ரெயில், ரெகுலேட்டர்

ஃபோர்டின் பெட்ரோல் லைனில் ஸ்பிரிங் பூட்டு இணைப்பு. இரண்டு டாலர் பிளாஸ்டிக் கருவி இல்லாமல் திறக்க முயன்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வளைந்துவிடும். திறக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள், அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கட்டும். 350 குதிரைத்திறனுக்குத் தொழிற்சாலை லைனே போதும்.

இன்ஜெக்டர் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, சாய்க்காமல் நேராக அழுத்துங்கள். மாட்டிய பின் ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்ற வேண்டும். சுற்றாத ஒன்றில் ஓ-ரிங் மடிந்து கிடக்கிறது. மேனிஃபோல்டு ஹீட்டாகும்போது அது பெட்ரோலைக் கக்கும்.

திருகிச் சரிசெய்யும் ரெகுலேட்டர் போட்டால், வேக்யூம் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, ஐடிலில் 39 பிஎஸ்ஐ வையுங்கள். ஹோஸை மாட்டினால் 30, 32க்கு இறங்க வேண்டும். அந்த வேக்யூம் ஹோஸ் மேல் மேனிஃபோல்டிலிருந்து நேராக ரெகுலேட்டருக்கு மட்டும் போக வேண்டும். பூஸ்ட் கேஜுக்கும் ஆக்சிலரேட்டரை விடும்போது பூஸ்ட்டைத் திறந்துவிடும் பைபாஸ் வால்வுக்கும் அதிலேயே டீ போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ பெட்ரோல் ஏறினால்தான் இன்ஜெக்டர் எப்போதும் ஒரே 39ஐ உணரும். இரு முனையிலும் ஜிப் டை கட்டுங்கள். வேக்யூமில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹோஸ் பூஸ்ட்டில் பறந்துவிடும்.

கேஜுக்காகப் பெட்ரோல் லைனைக் காருக்குள் இழுக்காதீர்கள். அழுத்தத்தை மின்சாரத்தில் தெரிவிக்கும் சென்சார் வைத்த கேஜ் வாங்குங்கள்.

கவனிக்க இன்னும் மூன்று லைன்கள் இருக்கின்றன. எஞ்சின் அடியில் சேரும் ஆவியை உள்ளே இழுக்கும் பிசிவி லைன், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவின் லைன், பிரேக் பூஸ்டர் லைன். மூன்றும் மேனிஃபோல்டோடு இணைந்தவை. மேனிஃபோல்டில் பூஸ்ட் வந்தால் மூன்றிலும் காற்று பின்னோக்கிப் போகும். ஒவ்வொன்றிலும் ஒருவழி வால்வு இருக்கிறதா, வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் போகிறதா என்று பாருங்கள். பிசிவியில் விட்டால் ஆயில் ஆவி உள்ளே வந்து ஆக்டேனைக் கெடுக்கும். கரி டப்பாவில் விட்டால் பூஸ்ட் டேங்குக்கே போகும்.

பூஸ்ட் இல்லாமல் பூஸ்ட் சோதனை

கம்ப்ரஸர் இன்னும் பெட்டியில் இருக்கும்போதே செய்ய வேண்டிய, யாரும் செய்யாத சோதனை இது. திரும்பும் லைனைக் கழற்றி, பெட்ரோலுக்கான உலோக கேனுக்குள் விடுங்கள். கேன் தரையில், கிரவுண்டு செய்தபடி. பானட்டுக்கு அடியில் உள்ள கம்ப்யூட்டர் சோதனை கனெக்டரில் பம்ப்புக்கான பின் ஒன்று உண்டு. சாவியை ஆன் நிலையில் வைத்து அதை கிரவுண்டு செய்தால் எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். ரெகுலேட்டரின் வேக்யூம் முனையில் கேஜ் உள்ள சைக்கிள் பம்ப்பை இணைத்து 8 பிஎஸ்ஐ கொடுங்கள். ரெயிலில் 39 இருந்த அழுத்தம் 47க்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் டயஃப்ராம் ஓட்டை, அல்லது பம்ப் பத்தவில்லை.

இப்போது 30 விநாடி பிடியுங்கள். 128 லிட்டர் தேவைக்கு 30 விநாடியில் 1.07 லிட்டர், 20 சதவீதம் கையிருப்போடு 1.3 லிட்டர் கேனில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாததால் பம்ப்புக்கு 12 வோல்ட்தான் கிடைக்கிறது, அப்படியும் 1.3 வந்தால் சாலையில் கவலையில்லை. வராவிட்டால் முதலில் வயர், அடுத்து ஃபில்டர், கடைசியில் பம்ப்.

பிளக், டைமிங், வைட்பேண்ட்

இது பெட்ரோல் கட்டுரை என்றாலும் இவை மூன்றும் இல்லாமல் முடியாது. பிளக் ஒரு படி குளிர்ந்த வகை. இடைவெளி தொழிற்சாலையின் 0.054 அங்குலத்திலிருந்து 0.032–0.035க்கு. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்திலுள்ள, கம்ப்யூட்டரின் டைமிங் கட்டளை வரும் ஸ்பவுட் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு அடிப்படை டைமிங் 10 டிகிரி. யாராவது முன்பு 14க்குத் தள்ளிவைத்திருந்தால் இப்போது திருப்பிக்கொள்ளுங்கள். சிப் இல்லாவிட்டால், பூஸ்ட் ஏற ஏற டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் பெட்டி கட்டாயம். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்று தொடங்கலாம்.

காரோடு வரும் ஆக்சிஜன் சென்சார் காற்று–பெட்ரோல் விகிதம் 14.7க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும், 11.5க்கும் 13க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வைட்பேண்ட் சென்சாரை கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே சாய்த்து வையுங்கள். இல்லையென்றால் குளிரில் தேங்கும் தண்ணீர் சென்சாரை வெடிக்கவைக்கும். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து லீன் (பெட்ரோல் குறைவு) என்று பொய் சொல்லும். பூஸ்ட்டில் இலக்கு 11.5 முதல் 12.0.

முதல் ஓட்டம்

பெல்ட்டைப் போட்டாகிவிட்டது. டேங்கில் பாதிக்கு மேல், கிடைக்கும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல். அமெரிக்க பங்க் எண்ணில் 91 அல்லது 93. டைனோ (காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் மேடை), இல்லாவிட்டால் மூடிய பாதை. வைட்பேண்ட், ரெயில் அழுத்தம், பூஸ்ட், மாஸ் ஏர் வோல்டேஜ், இன்ஜெக்டர் நேரம் ஐந்தையும் லாகில் எடுங்கள். ஓட்டுபவர் கேஜைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

மூன்றாம் கியர், 2500இலிருந்து முழு ஆக்சிலரேட்டர், 4000 வந்ததும் காலை எடுங்கள். நிறுத்தி லாகைப் படியுங்கள். சரியென்றால் 4500, பிறகு 5000. மையவிலக்கு வகை சூப்பர்சார்ஜரில் பூஸ்ட் சுற்றுக்கு நேர்விகிதத்தில் ஏறாது, கிட்டத்தட்ட அதன் வர்க்கத்தில் ஏறும். 4000இல் எல்லாம் ஒழுங்காக இருந்தது 5500க்கு உத்தரவாதம் இல்லை. ரூட்ஸ் வகையில் கீழ்ச் சுற்றிலேயே பூஸ்ட் வந்துவிடும், அங்கே 2500–3500 பகுதியை நுணுக்கமாகப் பாருங்கள்.

பூஸ்ட்டில் வைட்பேண்ட் 12.5ஐத் தாண்டினால், அல்லது ரெயில் அழுத்தம் 39 + பூஸ்ட் என்ற எண்ணுக்கு 3 பிஎஸ்ஐ கீழே விழுந்தால், அந்த ஓட்டம் அங்கேயே முடிந்தது.

மேல் சுற்றில் லீன் ஆனால் மூன்றில் ஒன்றுதான் காரணம், லாகே சொல்லிவிடும். அழுத்தம் விழுகிறது என்றால் பம்ப், வயர், ஃபில்டர் பக்கம். அழுத்தம் நிற்கிறது, இன்ஜெக்டர் நேரம் எல்லையைத் தொட்டுவிட்டது என்றால் இன்ஜெக்டர் சிறிது. அழுத்தமும் நிற்கிறது, இன்ஜெக்டரிலும் இடம் இருக்கிறது, ஆனாலும் லீன் என்றால் மாஸ் ஏர் வோல்டேஜைப் பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி ஒரு தட்டைக் கோடு இருக்கும். மீட்டருக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது. காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது, கம்ப்யூட்டருக்குச் செய்தி வரவில்லை. பழைய 55 மி.மீ. மீட்டரை வைத்துக்கொண்டு பூஸ்ட் ஏற்றினால் இதுதான் நடக்கும். இந்தத் தட்டைக் கோட்டைப் பார்க்காமல் ரெகுலேட்டரைத் திருகி 45, 50 என்று அழுத்தத்தை ஏற்றுபவர்கள் உண்டு. மேலே லீன் கொஞ்சம் குறையும், கீழே ஐடிலில் புகை வரும், நோய் அப்படியே இருக்கும்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் குலுங்கி அணைகிறது என்றால் பைபாஸ் வால்வு ஏற்கெனவே அளந்த காற்றை வெளியே ஊதித் தள்ளுகிறது. கம்ப்யூட்டர் அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றிவிட்டது. வால்வின் வெளிவாயை மீட்டருக்குப் பின்னால், கம்ப்ரஸருக்கு முன்னால் திருப்பி இணையுங்கள். பெரிய இன்ஜெக்டர் போட்டபின் ஐடில் ஏறி இறங்கினால், டியூனில் இன்ஜெக்டரின் வோல்டேஜ் திருத்தமும் குறைந்தபட்சத் திறப்பு நேரமும் பழைய எண்களிலேயே இருக்கின்றன.

முதல் முழு ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் விடாமல் அப்படியே அணைத்து, எட்டு பிளக்கையும் கழற்றி சிலிண்டர் வரிசையில் அட்டையில் செருகி வெளிச்சத்தில் பாருங்கள். எக்ஸாஸ்டில் இருக்கும் வைட்பேண்ட் காட்டுவது பல சிலிண்டர்களின் சராசரி. ஏழு பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருந்தால் அந்த ஒரு இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது. பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகளும் அவற்றுக்கிடையே வெள்ளி மினுக்கும் தெரிந்தால், அது பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு டைமிங்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

500 மைல் ஓடியதும் எல்லா கிளாம்ப்பையும் ஒரு சுற்று இறுக்குங்கள், பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். புது பம்ப்பின் ஓட்டம் பழைய டேங்கின் அடியில் முப்பது வருடம் படிந்திருந்த துருவைக் கிளப்பியிருக்கும். கழற்றிய ஃபில்டரை டேங்க் பக்கத்து முனை கீழே வரும்படி பிடித்து வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் இன்னொரு ஃபில்டர் வாங்கி வையுங்கள், அடுத்த 500 மைலுக்கு.